கனடாவிலிருந்து குடல் பக்டீரியா டெஸ்ட் பெட்டி வந்திருக்கிறதா?

வெளிநாட்டிலிருந்து வரும் பொதிகளில் சொக்லேட், விற்றமின் போத்தல், கோடாலித் தைலம் இவற்றோடு அண்மைக்காலமாக இன்னொரு சின்னப் பெட்டியும் வருகிறது. உள்ளே ஒரு பஞ்சுக்குச்சி, திரவம் விட்ட ஒரு சிறு குழாய், ஒரு படிவம். மலத்தில் கொஞ்சம் தொட்டுக் குழாய்க்குள் போட்டு அனுப்பினால், உங்கள் குடலில் எந்தெந்த பக்டீரியா எவ்வளவு பங்கு என்று சில வாரங்களில் றிப்போட் வரும். விலை நூறு டொலரிலிருந்து பல நூறு டொலர் வரை. "டொக்டர், மகன் கனடாவில இருந்து அனுப்பியிருக்கிறான். செய்யட்டோ?" என்று என் பின்னேரக் கிளினிக்கில் கேட்கிறார்கள்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். முடிவு நல்லதாக வந்தால் என்ன செய்வீர்கள், கெட்டதாக வந்தால் என்ன செய்வீர்கள்? சீனி பார்க்கிறோம், கூடியிருந்தால் மருந்தை மாற்றுகிறோம். இரத்தம் பார்க்கிறோம், இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் ஏன் என்று தேடுகிறோம். இந்தக் குடல் டெஸ்டில் எந்த முடிவு வந்தாலும், இன்றைய நிலையில், நான் சொல்லப்போவது அநேகமாக ஒன்றேதான்.

இதனால் இந்த ஆராய்ச்சியே புரளி என்று நினைத்துவிட வேண்டாம். 2016இல் செய்த ஒரு மதிப்பீட்டின்படி நம் உடம்பில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பக்டீரியாக்கள் இருக்கின்றன, நம்முடைய சொந்தக் கலங்களோ 30 இலட்சம் கோடி. அன்ரிபயோட்டிக் எடுத்தபின் சிலருக்கு வரும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பொல்லாத வயிற்றோட்டத்தை, ஆரோக்கியமானவரின் மலத்தைக் குடலுக்குள் செலுத்திக் குணப்படுத்தலாம் என்று 2013இல் நெதர்லாந்து வைத்தியர்கள் காட்டினார்கள். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். 2022இலும் 2023இலும் அமெரிக்காவில் இதற்கான மருந்துகளுக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த நோயைக் கண்டுபிடிக்க வைத்தியசாலையில் தனி மலப் பரிசோதனை உண்டு. பெட்டியில் வரும் டெஸ்ட் அதற்குத் தேவையில்லை.

சுன்னாகம் பக்கத்து அம்மா ஒருவர் கொண்டுவந்த றிப்போட்டைச் சொல்கிறேன். பல பக்கம், வழவழத்த கலர் அச்சு. இரண்டாம் பக்கத்தில் பிரெவொட்டெல்லா என்ற பக்டீரியாவுக்கு நேரே சிவப்புக் கோடு, "எல்லைக்கு மேல்". பக்டீரொயிட்ஸ் என்பதற்கு நேரே "குறைவு". மனுசி மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, பயம். நான் கேட்டது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. குத்தரிசிச் சோறு, கீரை, பயறு, கிழமையில் இரண்டு தரம் குரக்கன் புட்டு. தானியமும் மரக்கறியும் நிறையச் சாப்பிடும் சமூகங்களில் பிரெவொட்டெல்லா கூடுதலாக இருப்பது பல நாடுகளில் கண்ட விஷயம். இறைச்சியும் கொழுப்பும் கூடிய மேலைநாட்டுச் சாப்பாட்டில் பக்டீரொயிட்ஸ் மேலோங்கும். அந்தச் சிவப்புக் கோடு சொன்னது, இந்த அம்மா லண்டன்காரரைப் போலச் சாப்பிடவில்லை என்பதை மட்டும்தான்.

"எல்லை" என்று அவர்கள் போடுவது யாருடைய எல்லை? உலகெங்கும் பொதுவில் கிடைக்கும் மனித நுண்ணுயிர் மாதிரிகளை 2022இல் கணக்கெடுத்தபோது, இடம் தெரிந்தவற்றில் நூற்றுக்கு 70க்கும் மேற்பட்டவை ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவிலிருந்து எடுத்தவை. யாழ்ப்பாணத்துக் குடலுக்கு எது இயல்பு என்று சொல்ல அந்த அளவுகோல் உதவாது.

போதாததற்கு, அளக்கப்படும் பொருளே நிலையாக நிற்பதில்லை. சாப்பாட்டை முற்றாக மாற்றினால் சில நாட்களிலேயே பக்டீரியாக்களின் பங்கு மாறுவதை 2014இல் காட்டினார்கள். பெல்ஜியத்தில் 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தோடு மற்ற எல்லாக் காரணிகளையும்விடக் கூடத் தொடர்புபட்டிருந்தது அன்றைய மலம் இறுக்கமா இளக்கமா என்பதுதான். இன்னொன்று நம் ஊருக்கு முக்கியம். நீரிழிவுக்காரரின் குடல் பக்டீரியா வித்தியாசம் என்று முதலில் எழுதினார்கள். அந்த வித்தியாசத்தில் கணிசமான பங்கு நோயால் வந்ததல்ல, சீனிக்குப் போடும் மெற்ஃபோர்மின் குளிசையால் வந்தது என்று 2015இல் தெரியவந்தது. இங்கே எத்தனை வீட்டில் மெற்ஃபோர்மின் இல்லை? இரைப்பைக்குப் போடும் ஒமிப்ரசோலும் அப்படியே பக்டீரியாக்களை மாற்றும். வந்த சில றிப்போட்டுகளில் ஆள் என்ன மருந்து எடுக்கிறார் என்ற கேள்வியே இல்லை.

றிப்போட்டில் வருவது எண்ணிக்கையும் அல்ல, பங்கு. ஒன்று கூடினால் மற்றது தானாகக் குறைந்த மாதிரித் தெரியும். ஒரு நிறுவனம் 16எஸ் என்ற ஒரேயொரு மரபணுத் துண்டை மட்டும் வாசிக்கும், இன்னொன்று முழு டி.என்.ஏ.யையும் வாசிக்கும். ஒரே மலத்தை இரண்டு இடத்துக்கு அனுப்பினால் இரண்டு விதமாக வரலாம். 2024இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரையும், வைத்தியர் சொல்லாமல் நோயாளியாகவே இந்த டெஸ்டைச் செய்வதை ஊக்குவிக்கவில்லை. றிப்போட்டுகளில் பெரிய எழுத்தில் வரும் ஃபேர்மிகியூட்ஸ்–பக்டீரொயிடீட்ஸ் என்ற இரண்டு பெரிய பக்டீரியாக் கூட்டங்களின் விகிதத்தைக் கொண்டு முடிவெடுக்கவும் வேண்டாம் என்கிறது.

சரி, அப்படியென்றால் வயிறு ஊதுகிறது, மலம் ஒழுங்கில்லை என்பவர் என்ன செய்வது?

முதலில் மருந்துச் சீட்டைக் கொண்டுவாருங்கள். மெற்ஃபோர்மின் தொடங்கியபின் வயிறு குழம்பியவர்களில் பலருக்கு மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலே போதும். பால் குடித்தால்தான் ஊதுகிறதா என்று பாருங்கள், ஒரு கிழமை நிறுத்திப் பார்க்கக் காசு வேண்டாம்.

வீட்டில் எல்லாருக்கும் மாறி மாறி வயிற்றோட்டமென்றால் கிணற்றைப் பாருங்கள். நம் நிலத்தடி சுண்ணாம்புக்கல், வெடிப்பும் துளையுமாக இருக்கும். மலசலகூடக் குழியிலிருந்து கசிவது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. மதில் கட்டிப் பிரித்த சிறு காணிகளில் ஒருவரின் கிணறும் அடுத்தவரின் குழியும் ஒரு பாய்ச்சல் தூரத்தில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொன்னால் தண்ணீரைப் பரிசோதிக்க வழி செய்வார். அதுவரை கொதித்தாறிய தண்ணீர்தான்.

பிறகு சாதாரண டெஸ்டுகள். மலத்தில் பூச்சி, அமீபா, மறைந்த இரத்தம், இரத்தத்தில் எஃப்.பி.சி. (இரத்தக் கலங்களின் முழு எண்ணிக்கை), தைரோயிட். தேவைப்பட்டால் குடல் அழற்சியைக் காட்டும் கல்புரொடெக்டின். பார்வைக்கு எளிய டெஸ்டுகள்தான், ஆனால் ஒவ்வொன்றின் முடிவுக்கும் அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, இரத்தச்சோகை, நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், ஐம்பது வயதுக்குப் பிறகு மலம் போகும் பழக்கம் மாறுவது, குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இதில் ஒன்றாவது இருந்தால் பெட்டியைத் தொடவே வேண்டாம், நேரே வைத்தியரிடம் போங்கள். தோட்டக்காரர் ஒருவர், மூலவியாதி என்று நினைத்து இரத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தார். லண்டன் மகள் குடல் டெஸ்ட் அனுப்பினார், முடிவு வரட்டும் என்று கிழமைக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்த முடிவு "பன்முகத்தன்மை நன்று", அதாவது பல வகை பக்டீரியா உண்டு என்று. என்னிடம் வந்தபோது கண்ணிமை வெளிறிப்போயிருந்தது. எஃப்.பி.சி.யில் ஹீமோகுளோபின் இருக்கவேண்டியதில் பாதி. கமராக் குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடலில் கட்டி. சத்திரசிகிச்சை நடந்து இப்போது தோட்டத்துக்குப் போய்வருகிறார், ஆனால் அந்தக் கிழமைகள் வீணாகப் போனவைதான்.

றிப்போட்டின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். அநேகமாக அங்கே புரோபயோட்டிக், அதாவது உயிருள்ள பக்டீரியா அடங்கிய குளிசைகளின் பட்டியல் ஒன்று இருக்கும், அதே நிறுவனம் விற்பது. அமெரிக்கக் குடல் வைத்தியர் சங்கம் 2020இல், எரிச்சல்குடல் நோய்க்குப் புரோபயோட்டிக்கை ஆய்வுக்குள் மட்டும் கொடுக்கச் சொன்னது. அன்ரிபயோட்டிக்குக்குப் பிறகு புரோபயோட்டிக் எடுத்த சிலருக்குச் சொந்த பக்டீரியாக்கள் திரும்பி வரத் தாமதமானதை 2018இல் இஸ்ரேலியர்கள் காட்டினார்கள். சாப்பாடு வேறு கதை. கிழமைக்கு 30 வகைக்கு மேல் தாவர உணவு சாப்பிடுபவர்களின் குடலில் பக்டீரியா வகை கூடுதல் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு 2018இல் சொன்னது. வல்லாரை, முருங்கை, பொன்னாங்காணி, ஒடியல், மரவள்ளி, உழுந்து, எள்ளு என்று எண்ணத் தொடங்கினால் நம் அடுப்படியில் அது கடினமல்ல. தயிர் போன்ற நொதித்த உணவு பன்முகத்தன்மையைக் கூட்டியதை 2021இல் ஒரு சின்ன ஆய்வில் கண்டார்கள். கள்ளும் நொதித்ததுதானே டொக்டர் என்று கேட்டவரும் உண்டு. அவருக்கு நான் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. பழஞ்சோறு பிடித்தால் சாப்பிடுங்கள், யூரியூப்பில் சொல்வது போல நோய் தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இவ்வளவும் கேட்டும் "அறியிற ஆசைதான்" என்பவரை நான் தடுப்பதில்லை, அவருடைய காசு. அன்ரிபயோட்டிக் எடுத்துச் சில வாரங்களுக்குள் செய்யாதீர்கள். அனுப்புவது உங்கள் டி.என்.ஏ.யும் சேர்த்துத்தான், நிறுவனம் அதை என்ன செய்யும் என்ற பகுதியை வாசியுங்கள். இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்பட்ட யூபயோம் என்ற அமெரிக்க நிறுவனத்தை 2019 ஏப்ரலில் எஃப்.பி.ஐ. சோதனையிட்டது, அதே ஆண்டு அது வங்குரோத்தானது. ஏற்கெனவே செய்துவிட்டீர்களென்றால் றிப்போட்டைப் பார்த்து எந்தச் சாப்பாட்டையும் நிறுத்தாமல் அப்படியே கொண்டுவாருங்கள். கூடவே எடுக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு வாருங்கள். நான் முதலில் பார்ப்பது அந்தப் பையைத்தான்.