செக்ஸ்டன்ட் கையில் இருந்தாலும் அது சூரியன்தான்

சென்ற வாரமும் ஒரு போன். "சார், படிக்கிற எழுத்துக்கு நடுவிலே சாம்பல் புள்ளி ஒண்ணு நிக்குது. கண்ணைச் சிமிட்டினாலும் போகலை." என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை, கேட்காமலே தெரிந்தது: சூரியனை நேராகப் பார்த்திருக்கிறார். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்து மொட்டைமாடியில், பழைய செக்ஸ்டன்டை (கோணம் அளக்கும் கப்பல் கருவி) வைத்துக்கொண்டு தனியாக லூனார் பழகியிருக்கிறார்.

கப்பல் அதிகாரிகளுக்கு வானவழி, அதாவது சூரியன், நிலா, நட்சத்திரங்களை அளந்து கடலில் இருக்குமிடம் கண்டுபிடிப்பதை, கற்றுத்தருவது என் வேலை. லூனார் என்றால் நிலாவுக்கும் சூரியனுக்கும் (அல்லது ஒரு நட்சத்திரத்துக்கும்) இடையிலுள்ள கோணத்தை அளப்பது; அதைப் பழக அடிவானம் தேவையில்லை. ஈஸ்ட் கோஸ்டில் நின்றால் நங்கூரமிட்ட கப்பல்களும் எதிரேயுள்ள பாத்தாம் தீவும் அடிவானத்தை மறைக்கும் ஊரில் இது பெரிய வசதிதான். அதனாலேயே ஆளாளுக்கு மாடியேறிவிடுகிறார்கள்.

நிலாவைக் கருவியின் டெலஸ்கோப்பில் நேராகப் பார்க்க வேண்டும். சூரியனை ஷேடு (கருவியிலுள்ள கறுப்புத் தடுப்புக் கண்ணாடி) போட்டு, இண்டெக்ஸ் கண்ணாடி என்ற நகரும் கண்ணாடியில் பிரதிபலிக்கவைத்து இறக்கி, நிலாவின் விளிம்பில் தொடவைக்க வேண்டும். சூரியன் நிலாவுக்கு இடப்பக்கம் இருந்தால் கைப்பிடி மேலே வரும்படி கருவியைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். கை கடுக்கும். அதற்குச் சோம்பல்பட்டு, மாற்றி, சூரியனை நேராகப் பார்க்கிறார்கள். ஷேடுகளோ இண்டெக்ஸ் பக்கத்திலேயே கிடக்கும்; நேர்ப்பார்வைப் பக்கம் தடுப்பே இருக்காது.

"அன்னிக்குப் புகைமூட்டம் சார், கூசவே இல்லை." இந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்காது. சுள்ளென்று வெயில் அடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும்; கூசாத நாளில்தான் விடாமல் பார்ப்பீர்கள். புகை வெளிச்சத்தை மங்கவைக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அந்த அளவு குறையாது. விழித்திரைக்கு வலி தெரியாது. புள்ளி தெரிய சில மணி நேரம் ஆகலாம். மெல்லிய மேகமும் இதே கதைதான், கூலிங் கிளாஸும் இதே கதைதான். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தன்று தனிக் கண்ணாடி இல்லாமல் பார்க்காதே என்று பிள்ளைகளை அதட்டினோமே, மற்ற நாளில் சூரியன் சாதுவாகிவிடுமா?

லூனாரில் 1 நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) பிசகினாலே நம் ஊரில் கணக்கிட்ட இடம் ஏறக்குறைய 30 கடல்மைல் தள்ளிப்போகும். விளிம்பு தொடுவதைத் துல்லியமாகக் காண, அந்தப் புள்ளி கெடுக்கிற நடுப்பார்வைதானே வேண்டும்!

இரு பக்க ஷேடுகளையும் போட்டபடி தொடங்குங்கள். டெலஸ்கோப் நிலாவை நோக்கிய பிறகே அந்தப் பக்கத்து ஷேடை விலக்குங்கள். சூரியனை வைத்து இண்டெக்ஸ் பிழை (கருவி சுழியத்தில் காட்டும் பிசகு) பார்க்கும்போது இரண்டு பக்கமும் ஷேடு கட்டாயம். அலங்காரப் பித்தளை செக்ஸ்டன்டின் கலர் கண்ணாடியை நம்பாதீர்கள், அது ஷோகேஸிலேயே இருக்கட்டும். புள்ளி தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், இரவில் பழகுங்களேன். சூரியனுக்குப் பதில் அளக்க, நிலாவின் பாதையோரம் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை எல்லாம் இருக்கின்றன. கை பழகியபின், இந்த வேலை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பகலில் தொடங்கலாம்.