கோப்பை எப்படிப் படிக்கப் போகிறோம் என்று கெர்னலிடம் சொல்லலாம்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு கல்யாண ஸ்டுடியோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த நேரம். தக்கலையில் எடுத்த 60 ஜிபி வீடியோ பேக்கப் ஆகிக்கொண்டிருக்கிறது. அதே லினக்ஸ் கணினியில் குளச்சல் கல்யாணத்தின் ஆல்பம் வேலையும் நடக்கிறது. சற்றுமுன் சட்டென்று திறந்த படங்கள் இப்போது இழுவையாகத் திறக்கின்றன. டிஸ்க்குக்கு இரட்டை வேலை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ராமில் இருக்கிறது.

படித்த கோப்பை லினக்ஸ் உடனே மறப்பதில்லை. பெரும்பாலும் 4 கேபி பக்கங்களாக, சும்மா கிடக்கும் ராமில் வைத்துக்கொள்ளும். இதுதான் பேஜ் கேச். மறுபடி கேட்டால் டிஸ்க்குக்குப் போக வேண்டாம். ஆனால் 16 ஜிபி ராம் வழியாக 60 ஜிபி வீடியோ ஓடினால், ஆல்பத்தின் படங்கள் வெளியேற நேரிடும். திரும்பத் திரும்பப் பயன்படும் பக்கங்களைக் காப்பாற்ற லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முயலத்தான் செய்கிறது, எப்போதும் முடிவதில்லை. இந்த வீடியோவை இன்று யாரும் மறுபடி பார்க்கப் போவதில்லை என்பது பேக்கப் நிரலுக்குத் தெரியும், கெர்னலுக்குத் தெரியாது.

அதைச் சொல்வதற்கென்றே, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் 'எஃப்அட்வைஸ்' என்ற அழைப்பு (நிரல் கெர்னலிடம் பேசும் வழி) இருக்கிறது. இது ஆலோசனைதான், கட்டளை இல்லை. தவறாகச் சொன்னாலும் தரவு கெடாது, வேகம்தான் குறையும்.

'சீக்வென்ஷியல்' என்றால் வரிசையாகப் படிப்பேன் என்று பொருள். கேட்பதற்கு முன்பே அடுத்த பகுதியைக் கொண்டுவரும் பழக்கம் கெர்னலுக்கு உண்டு, வழக்கமான அளவு 128 கேபி. இந்தக் குறிப்பு அதை இரட்டிப்பாக்கும். 'ரேண்டம்' என்றால் முன்கூட்டிப் படிப்பதே நின்றுவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடும் தரவுத்தளத்துக்கு அது நல்லது. 'வில்நீட்' சொன்னால் தேவைப்படும் பகுதியை இப்போதே ராமுக்குக் கொண்டுவரத் தொடங்கும்.

நம் ஸ்டுடியோவுக்கு வேண்டியது 'டோன்ட்நீட்': இந்தப் பக்கங்கள் இனி வேண்டாம், விட்டுவிடு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுதியது இன்னும் டிஸ்க்கில் இறங்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தை கெர்னல் விடாது, விடவும் கூடாது. அதனால் முதலில் 'எஃப்டேட்டாசிங்க்' அழைத்து எழுதி முடிக்க வைக்க வேண்டும், அப்புறம்தான் 'டோன்ட்நீட்'. வரிசை மாறினால் சொன்னது வீண். இன்னொன்று, பேஜ் கேச் எல்லா நிரல்களுக்கும் பொது. அதே வீடியோவை எடிட்டர் ஒருவர் திறந்து வைத்திருந்தால் அவருடைய வேகமும் போகும்.

பைத்தான் நிரல் மொழியில் 3.3 பதிப்பிலிருந்தே 'எஃப்அட்வைஸ்' அழைப்பு இருக்கிறது. பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பேன், நாலைந்து வரிதான் கூடும். 8 எம்பி நகலெடுத்து, எழுதி முடிக்க வைத்து, 'டோன்ட்நீட்' சொல்லிவிட்டு அடுத்த 8 எம்பிக்குப் போகலாம். மூலக் கோப்பு, நகல் இரண்டுக்கும் சொல்ல வேண்டும். நகலும் அதே ராமில்தான் இடம்பிடிக்கிறது.