கார்பேஜ் கலெக்டர் கனெக்‌ஷனை மூடாது

"ஜாவாதானே, கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கும்." கோட் ரிவ்யூவில் அடிக்கடி காதில் விழும் பதில் இது. இனி தேவைப்படாத மெமரியை ஜாவா தானாகவே விடுவிக்கும் வசதிதான் அந்தக் கலெக்டர், எனவே மெமரிக்கு அது சரி. டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்கும் ஃபைலுக்கும் அதை நம்பி இருக்கவே கூடாது.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் மெத்தட் ஒன்று உண்டு. முதல் வரியில் பூலிலிருந்து, அதாவது திறந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தொகுப்பிலிருந்து, ஒரு கனெக்‌ஷன் எடுப்பார்கள், கடைசி வரியில் க்ளோஸ் செய்வார்கள். நடுவில் ஒரு இஃப்: வாடிக்கையாளர் பதிவு கிடைக்காவிட்டால் அங்கேயே ரிட்டர்ன். அந்த வழியாக வெளியேறும் ஒவ்வொரு முறையும் ஒரு கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்புவதில்லை. ஜாவாவில் இந்தப் பூலைத் தரும் லைப்ரரிகளில் ஒன்றான ஹிக்காரியில் நாம் எதையும் மாற்றாவிட்டால் மொத்தமே 10 கனெக்‌ஷன்தான். பத்தும் போனபின் வரும் கோரிக்கை 30 விநாடி காத்திருந்து எக்செப்ஷனில் விழும். கலெக்டர் எத்தனை முறை ஓடினாலும் பயனில்லை. பூல் அந்தக் கனெக்‌ஷனைப் பிடித்து வைத்திருக்கிறது, எனவே கலெக்டர் கணக்கில் அது குப்பையே அல்ல. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அதனாலேயே காரணத்தை யாரும் தேடுவதில்லை, இதுதான் எனக்குப் பெரிய கவலை.

2011-இல் ஜாவா 7 தந்த ட்ரை-வித்-ரிசோர்சஸ் இதற்குத்தான். ட்ரையின் அடைப்புக்குறிக்குள் கனெக்‌ஷனை அறிவித்தால் போதும். ரிட்டர்ன் ஆனாலும் எக்செப்ஷன் வந்தாலும் க்ளோஸ் நடக்கும், திறந்த வரிசைக்குத் தலைகீழாக. எப்படி வெளியேறினாலும் ஓடும் பழைய ஃபைனலி பிளாக்கில் க்ளோஸே தோற்றால் அந்தப் பிழை உண்மையான பிழையை மறைத்துவிடும். இங்கே மூலப் பிழை தொலையாது, க்ளோஸின் பிழை அதனுடன் ஒட்டி வரும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் டெஸ்ட்ரக்டர், சி ஷார்ப்பில் யூசிங், பைத்தானில் வித் என்று மற்ற மொழிகளிலும் வழி இருக்கிறது.

ஒரு ஆப்ஜெக்டைக் கலெக்டர் அகற்றுமுன் ஓடுவதற்கென இருக்கும் ஃபைனலைஸ் மெத்தடை நம்பவே நம்பாதீர்கள். அது எப்போது ஓடும், ஓடுமா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. 2022-இல் வந்த ஜாவா 18 அதை நீக்கப்போகும் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

பலர் கவனிக்காத இன்னொன்று, ஃபைலை வரி வரியாகப் படிக்கத் தரும் ஃபைல்ஸ் டாட் லைன்ஸ். அது தரும் ஸ்ட்ரீமுக்குள் திறந்த ஃபைல் இருக்கிறது, அதையும் ட்ரைக்குள் வையுங்கள்.

ஹிக்காரியில் லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்ட் என்ற அமைப்பு இயல்பில் அணைந்தே இருக்கும். டெஸ்ட் சர்வரில் 10,000 மில்லி விநாடி கொடுத்துப் பாருங்கள். அது கனெக்‌ஷனை மூடாது. ஆனால் அதற்கு மேல் திரும்பாத கனெக்‌ஷனை எந்த மெத்தட் எடுத்தது என்று ஸ்டாக் ட்ரேஸோடு (மெத்தட்கள் ஒன்றையொன்று அழைத்த வரிசை) லாகில் காட்டிவிடும்.