மூட்டுவாதம் உள்ள குழந்தையின் வாயையும் பாருங்கள்

“பல்லே தேய்க்க மாட்டேங்கிறா டாக்டர், நீங்களாவது திட்டுங்க” என்றார் அம்மா. பெண்ணுக்கு 9 வயது. முன்பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு, கடைவாயில் இரண்டு சொத்தை. பிரஷ்ஷைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். விரல்கள் மடங்கவில்லை, காம்பை உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். மூன்று வருடமாக மூட்டுவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பல் டாக்டரிடம் அதை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டார்களாம்.

கீழுதட்டை மடித்து, பஞ்சால் ஒற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். சாதாரணமாக ஒரு நிமிடத்துக்குள் உதட்டின் உட்புறம் பொடிப்பொடியாக எச்சில் துளிர்க்கும். அவளுக்கு ஒரு நிமிடம் தாண்டியும் காய்ந்தே இருந்தது.

எச்சிலில் 99 சதவீதம் தண்ணீர். வேலையெல்லாம் மிச்சத்தில்தான். பைகார்பனேட் அமிலத்தை முறிக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் பல் இழந்ததைத் திருப்பித் தரும். அமிலம் கூடக் கூட பிஹெச் என்ற அளவு இறங்கும். வாயின் பிஹெச் சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். மூட்டுவாதம் உள்ள குழந்தைகளுக்கு எச்சில் சுரப்பு குறைவதாகவும் அதன் தாதுக்கள் மாறுவதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாக் குழந்தைக்கும் அப்படி என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு அதிகச் சந்தேகம் ராத்திரி சிரப் மேல்தான். பல் தேய்த்து முடித்த குழந்தைக்குச் சர்க்கரைப்பாகு மாதிரி மருந்தை ஊற்றிப் படுக்க வைக்கிறோம். தூக்கத்தில் எச்சில் கிட்டத்தட்ட நின்றுவிடும். பாகைக் கழுவ வழியில்லை. சாப்பாடு, சிரப், அப்புறம் பிரஷ் என்று வரிசையை மாற்றுங்கள். சர்க்கரை இல்லாத மருந்து கிடைக்குமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைச் சாப்பிடும் குழந்தைக்கு வாய்ப்புண் வரலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தாடை மூட்டு இன்னொரு கள்ளன். வலியே இல்லாமல் பாதிக்கப்படும். மோவாய் வளராமல் பின்தங்கலாம், முகம் ஒருபக்கம் கோணலாம். குழந்தையின் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, முன்பு நுழைந்தது இப்போது இடித்தாலோ, உடனே காட்டுங்கள்.

அந்தப் பெண்ணின் பிரஷ் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டச் சொன்னேன். காலையில் விரல்கள் விறைத்திருக்கும் என்பதால் அப்போது அம்மா தேய்த்துவிட வேண்டும், ராத்திரி அவளே. அடுத்த முறை வந்தபோது ரப்பர் ரோஸ் கலரில் இருந்தது. தம்பி சைக்கிளில் ஒருபக்கக் கைப்பிடி மொட்டையாம்.