கறவை மாடுகளில் பாலுண்ணி: பார்த்து அறிவதும் தொட்டு அறிவதும்

மாடு வளர்ப்போரிடமிருந்து என் கைபேசிக்கு வரும் படங்களில் கணிசமானவை தோலில் எழும்பிய கட்டிகளைப் பற்றியவை. படத்தோடு ஒரு வரியும் வரும்: "பாலுண்ணி வந்திருக்கு டாக்டர், என்ன மருந்து போடலாம்?" நோய்க்குப் பெயரை அவர்களே வைத்துவிட்டு மருந்தை மட்டும் நம்மிடம் கேட்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பது வைரசால் உண்டாகும் மருவாக, அதாவது உண்மையான பாலுண்ணியாக, இருக்கலாம். தோல் கழலை நோயின் கழலையாக இருக்கலாம். அம்மை வகைக் கொப்புளம் உடைந்து காய்ந்த பொருக்காக இருக்கலாம். இரத்தம் குடித்து உப்பிய உண்ணியாகவே இருந்ததும் உண்டு. மரு பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடக்கூடிய நோய். மற்றவற்றுள் சில பக்கத்துத் தொழுவத்துக்கும், கறப்பவரின் கைக்கும் தாவக்கூடியவை. எனவே என்ன மருந்து என்பதற்கு முன்னால் இது என்ன நோய் என்பதைத் தீர்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. அதில் பாதியை மாட்டுக்காரரே செய்துவிட முடியும்.

மாடுகளில் மருவை உண்டாக்குவது பாப்பிலோமா வைரஸ். மாட்டினத்தைத் தாக்கும் வகைகளாக மட்டும் 20-க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. காயமில்லாத தோல் வழியாக இந்த வைரஸ் உள்ளே நுழைவதில்லை. சிராய்ப்பு, கீறல், ஊசி குத்திய இடம், பூச்சிக்கடி என்று ஏதேனும் ஒரு வாசல் அதற்கு வேண்டும். அந்த வழியாகத் தோலின் அடியடுக்குச் செல்களில் குடியேறி, அவற்றை அளவுக்கு மீறிப் பெருகச் செய்கிறது. புதிய வைரஸ்கள் உருவாவது அச்செல்கள் மேலேறி வந்து காய்ந்து உதிரும் நிலையை அடையும்போதுதான். மாட்டைப் பார்த்து இந்நோயை அறிவதற்குத் தேவையான மூன்று குறிப்புகள் இந்த ஒரு இயல்பிலிருந்தே கிடைக்கின்றன. வைரஸ் தோலோடு நின்றுவிடுவதால் காய்ச்சல் இருக்காது. செல்கள் மெல்லப் பெருகித்தான் கட்டி உருவாக வேண்டும் என்பதால், தொற்று ஏற்பட்ட பின் மரு கண்ணில் பட ஒரு மாதத்திலிருந்து பல மாதங்கள் வரை பிடிக்கும். வளர்ச்சி மேல்நோக்கியது என்பதால் கட்டி தோலுக்கு மேலே, கொம்புப் பொருள் போன்ற சொரசொரப்புடன் நிற்கும்.

ஆகவே நான் முதலில் கேட்பது, "எத்தனை நாளாக இருக்கிறது?" என்பதுதான். "ரெண்டு மாசமா ஒண்ணு ஒண்ணா வருது, தீனி நல்லாத்தான் எடுக்குது" என்றால் எண்ணம் மருவின் பக்கம் சாயும். "முந்தாநாள் ராத்திரி வரைக்கும் ஒண்ணுமில்லை, காலையில பார்த்தா உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமா இருக்கு" என்றால் அது மரு அல்ல. உடனே வெப்பமானியை எடுக்க வேண்டும். மாட்டின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். தோல் கழலை நோயின் தொடக்கத்தில் அது 104-ஐத் தாண்டி 106 வரைகூடப் போகும்.

வயதும் ஒரு சான்று. தலை, கழுத்து, கண்ணோரம், காது, தோள், தாடை ஆகிய இடங்களில் மரு வருவது பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட கன்றுகளிலும் கிடாரிகளிலும்தான். ஒரே கொட்டகையில் நான்கைந்து கிடாரிகளுக்குக் கழுத்தில் ஒரே மாதிரி வந்து, வளர்ந்த மாடுகள் எதற்கும் வராமலிருந்தால், அந்தக் காட்சியே பாதி நோயறிதல். முன்பு தொற்றைக் கண்ட மாடுகளின் உடலில் எதிர்ப்பாற்றல் உண்டாகியிருக்கும். ஆனால் அந்த எதிர்ப்பாற்றல் அந்தந்த வகைக்கு மட்டுமே உரியது. கன்றாக இருந்தபோது கழுத்தில் மரு வந்து போன மாட்டுக்கு, கறவையில் வேறொரு வகையால் காம்பில் மரு வருவதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. கையுறை அணிந்து, கட்டியின் அடியில் இரண்டு விரலை வைத்து மெல்ல அசைத்துப் பாருங்கள். மரு தோலின் மேல் உட்கார்ந்திருக்கும் அல்லது ஒரு காம்பில் தொங்கும். மேற்பரப்பு பிளவுபட்டுக் காய்ந்து, சாம்பலோ கருப்போ நிறத்தில், காலிபிளவரைப் போல இருக்கும். மாடு வலி காட்டாது. தோல் கழலை நோயின் கழலை தோலுக்குள்ளே முழுத் தடிமனுக்கும் பதிந்திருக்கும். அரை சென்டிமீட்டர் முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை வட்டமாக, உறுதியாக இருக்கும். அதன்மேல் மயிர் சிலிர்த்து நிற்கும். தொடை மடிப்பிலும் தோளின் முன்புறத்திலும் நெறி கட்டியிருக்கும். நாளாக ஆகக் கழலையின் நடுப்பகுதி அழுகி, தக்கைபோலக் கழன்று விழுந்து, ஆழமான புண்ணாகும். மருவில் இது நடப்பதில்லை. தோல் கழலை நோய் 2019-இல் ஒடிசாவில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, 2022-இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் பெரும் சேதத்தை விளைவித்தது. தமிழ்நாட்டு மாடுகளையும் விட்டுவைக்கவில்லை. அதன் பிறகு தோலில் எந்தக் கட்டியைப் பார்த்தாலும் "பெரியம்மை" (கழலை நோய்க்கு ஊரில் வழங்கும் பெயர்) என்று பயந்து ஓடி வருவதும், உண்மையிலேயே கழலை நோய் வந்தபோது "பாலுண்ணிதான், தானா போயிடும்" என்று விட்டுவிடுவதும் ஆகிய இரண்டையும் பார்க்கிறோம். இரண்டாவதுதான் ஆபத்து. கொசுவும் கடிக்கும் ஈயும் அந்த நோயைத் தெரு முழுதும் கொண்டுபோய்விடும்.

படர்தாமரையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கன்றுகளின் கண்ணைச் சுற்றியும் முகத்திலும் சாம்பல் நிறத்தில் வட்டமாக, மயிர் உதிர்ந்து, சாந்து பூசியதுபோலத் தடித்திருக்கும். அது பூஞ்சையால் வருவது, மனிதருக்கும் ஒட்டும்.

காம்பில் வரும் மருவைத்தான் நான் மிகவும் கவனமாகப் பார்ப்பேன். கழுத்தில் இருபது மரு இருந்தாலும் மாட்டுக்காரருக்கு நட்டமில்லை. காம்பு நுனியில் ஒன்றே ஒன்று இருந்தாலும் கறவை கெட்டுவிடும். காம்பு மருக்களுக்கு எல்லாம் ஒரே தோற்றம் கிடையாது. அரிசி மணிபோல வெள்ளையாக, தட்டையாக, தோலோடு ஒட்டி இருப்பவை ஒருவகை. இழை இழையாக நீண்டு தொங்குபவை இன்னொரு வகை. இழை வகையைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடுவதுண்டு. அரிசி மணி வகை அசையாது, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். காம்புத் துளையை ஒட்டி வரும் மரு, கறந்து முடித்தபின் துளை சரியாக மூடிக்கொள்வதைத் தடுக்கும். மடிநோய்க் கிருமி அந்த வழியாக ஏறும். ஒரே காம்பில் மடிநோய் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், ஊசி மருந்தை மாற்றுவதற்கு முன்னால் அந்தக் காம்பின் நுனியை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

இந்த இடத்தில் கறப்பவரின் கையையும் பார்க்க வேண்டும். பசு அம்மை, போலிப் பசு அம்மை, எருமை அம்மை ஆகியவை காம்பில் கொப்புளமாகத் தொடங்கிப் பொருக்காக முடிபவை. போலிப் பசு அம்மையின் பொருக்கு பெரும்பாலும் வளையமாகவோ லாட வடிவிலோ அமையும். காய்ந்த நிலையில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மருவாகத் தெரியலாம். ஆனால் இந்த அம்மைகள் கறப்பவரின் விரலிலும் புறங்கையிலும் வலியுள்ள முடிச்சாகவோ கொப்புளமாகவோ வரும். மாட்டு மரு அப்படி வராது. மாட்டின் பாப்பிலோமா வைரஸ் மனிதருக்கு மருவை உண்டாக்குவதில்லை. நம் கையில் வரும் மருவுக்குக் காரணம் மனிதருக்கே உரிய வேறு வகைகள். (குதிரை வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். மாட்டின் முதல் இரண்டு வகை வைரஸ்கள் குதிரையில் சார்காய்டு என்னும் தோல்கட்டியை உண்டாக்குகின்றன.) எனவே "உங்கள் கையில் ஏதாவது வந்ததா?" என்ற ஒரு கேள்வி, ஆய்வகத்துக்கு முன்பே பாதி விடையைத் தந்துவிடும். மாடு உதைக்கிறதா, காம்பைத் தொட விடுகிறதா என்பது இன்னொரு கேள்வி. கொப்புளமும் புண்ணும் வலிக்கும். மரு, காயம் படாதவரை, வலிக்காது. வாயில் எச்சில் ஒழுகி, குளம்பிடுக்கிலும் புண் இருந்தால் அது கோமாரி. அதற்கு வேறு அவசரம் உண்டு.

இயந்திரத்தால் கறக்கும் பண்ணைகளில் காம்புத் துளையைச் சுற்றி வெள்ளை வளையமாகத் தோல் தடித்து, ஓரம் பிசிறு பிசிறாக இருப்பதையும் மரு என்று காட்டுகிறார்கள். அது வைரஸ் அல்ல. வெற்றிட அழுத்தம் அதிகமாக இருப்பதாலும், பால் வற்றிய பிறகும் கருவியைக் கழற்றாமல் விடுவதாலும் வருவது. மருந்து தேவைப்படுவது அந்தக் கருவிக்குத்தான்.

மரு எப்படிப் பரவுகிறது என்பதைக் கொட்டகைக்குள் ஒரு கறவை நேரம் நின்று பார்த்தாலே புரிந்துவிடும். கறப்பவர் கட்டைவிரலை மடக்கி, விரல் கணுவால் காம்பை அழுத்தி இழுக்கிறார். காம்பின் தோல் ஒவ்வொரு வேளையும் அதே இடத்தில் உராய்கிறது. தூணில் தொங்கும் சிறு கிண்ணத்து எண்ணெயில் விரலை நனைத்து ஒரு மாட்டைக் கறந்து முடித்து, அதே கிண்ணத்தில் மறுபடி நனைத்து அடுத்த மாட்டுக்குப் போகிறார். உராய்ந்த தோலும் தயார், வைரசும் தயார். முழுக்கையால் பிடித்துக் கறக்கச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது என்பதால், நான் கிண்ணத்தைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். எண்ணெய் வேண்டுமென்றால் சொட்டுச் சொட்டாகக் கையில் ஊற்றிக்கொள்ளட்டும். மரு உள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்கட்டும். கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் முக்கட்டும். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கொம்பு சுடும் கருவி, காதுவில்லை குத்தும் இடுக்கி ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. காதுவில்லை போட்ட துளையைச் சுற்றி மட்டும் மரு வந்திருந்தால், குற்றவாளி இடுக்கிதான். இதில் எங்கள் துறையினரும் கவனமாக இருக்க வேண்டும். இந்த வைரசுக்குக் கொழுப்புறை கிடையாது என்பதால் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதை நம்பிவிட முடியாது. உலோகக் கருவிகளைத் தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைப்பதே எளிய வழி.

சிகிச்சை பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான மருக்கள் சில மாதங்களில், அதிகம் போனால் ஓராண்டுக்குள், உடலின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டதும் சுருங்கி உதிர்ந்துவிடும். அந்த நேரத்தில் யார் என்ன கொடுத்தாரோ அவருக்குப் பெயர் கிடைக்கும். துஜா என்னும் ஹோமியோபதிச் சொட்டு மருந்து, மாட்டின் சொந்த இரத்தத்தை எடுத்து அதன் தசையிலேயே போடுவது, ஆன்டிமனி கலந்த ஊசி, மருவை அரைத்துப் பார்மலினில் செயலிழக்கச் செய்து தயாரிக்கும் தன்தடுப்பூசி என்று வழக்கில் பல உள்ளன. "பலித்தது" என்று சொல்பவர்கள் எல்லாவற்றுக்கும் இருக்கிறார்கள். மருந்து போடாத கிடாரிகளை அருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்காத வரை இந்தச் சாட்சியத்தை எடைபோட முடியாது. தன்தடுப்பூசி வராமல் தடுப்பதற்கு ஓரளவு உதவும். வந்ததைக் கரைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கறவைக்கு இடையூறானது, கண்ணை உரசுவது, அடிக்கடி கிழிந்து இரத்தம் கசிந்து ஈ மொய்ப்பது ஆகியவற்றை அறுத்து நீக்குவதில் தயக்கம் வேண்டாம். ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் மருவை அவசரப்பட்டு அறுத்தால் மீண்டும் முளைப்பதுண்டு. சுண்ணாம்பு வைப்பது, ஊதுபத்தியால் சுடுவது, குதிரைவால் மயிரால் கட்டுவது ஆகியவற்றைக் காம்பில் மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மரு போன இடத்தில் தழும்பு இறுகிக் காம்பு அடைத்துவிட்டால், அந்தக் காம்புக்குரிய கால்பங்கு மடி போனதுதான்.

தானே போகும் என்று காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஓராண்டு கடந்தும் குறையாமல் உடல் முழுதும் பரவுவது, மாடு மெலிவது, ஒரே கட்டி மட்டும் அடியில் கெட்டியாகி, புண்ணாகி, நாற்றமெடுப்பது ஆகிய மூன்றும் எதிர்ப்பாற்றல் சரிந்திருப்பதையோ, கட்டி புற்றாக மாறியிருப்பதையோ, முதலிலிருந்தே அது மரு அல்ல என்பதையோ காட்டலாம். கண்ணோரத்திலும் கொம்படியிலும் வருபவற்றை இந்தச் சந்தேகத்தோடேயே பார்க்க வேண்டும். மலைப்பகுதிகளில் இன்னொரு முகமும் உண்டு. பிராக்கன் என்னும் பெரணிச் செடியை நெடுங்காலம் மேயும் மாடுகளில், அதிலுள்ள டாக்விலோசைடு என்ற நச்சும் இரண்டாம் வகை பாப்பிலோமா வைரசும் சேர்ந்து சிறுநீர்ப்பையில் கட்டிகளை உண்டாக்குகின்றன. ஸ்காட்லாந்தில் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் 1978-இல், அதே பெரணிக்கும் மாடுகளின் மேல் உணவுப்பாதையில் மருவிலிருந்து புற்று தோன்றுவதற்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார்கள். இமயமலை அடிவாரம் போன்ற இடங்களில் மாடு மாதக்கணக்கில் காய்ச்சலில்லாமல் சிவப்பாகச் சிறுநீர் கழிக்கும்போது, உண்ணிக்காய்ச்சலுக்கான ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிராமல் மேய்ச்சல் இடத்தில் பெரணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சந்தேகம் தீராதபோது திசுவை அனுப்ப வேண்டும். கட்டியின் அழுகிய நடுவிலிருந்து அல்லாமல், ஓரத்திலிருந்து நல்ல தோலும் சேரும்படி, ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத தடிமனில் ஒரு துண்டை எடுத்து, அதைப்போல் பத்து மடங்கு அளவுள்ள 10 விழுக்காடு பார்மலினில் போட வேண்டும். திசு நோயியலுக்கு அது போதும். எந்த வகை வைரஸ் என்று, அதன் மரபுப்பொருளைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையில் அறிய வேண்டுமானால், இன்னொரு துண்டைப் பார்மலின் படாமல், ஐஸ் பெட்டியில் வைத்துத் தனியாக அனுப்ப வேண்டும். அம்மை வகை என்று சந்தேகித்தால் உலர்ந்த பொருக்கே போதும்; சுத்தமான காய்ந்த குப்பியில் போடலாம். இதை மாட்டுக்காரர் செய்யக் கூடாது. உள்ளூர்க் கால்நடை மருந்தக மருத்துவர் எடுத்து, மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார். மருத்துவர் வர முடியாத இடமென்றால் கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-ஐ அழையுங்கள். மாட்டின் வயது, முதலில் பார்த்த நாள், காய்ச்சல் இருந்ததா, கறப்பவர் கையில் ஏதும் வந்ததா, கொட்டகையில் இன்னும் எத்தனை மாட்டுக்கு வந்திருக்கிறது என்ற விவரங்களைக் குப்பியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குப்பியின் மேல் பெயரை எழுத மறந்துவிடும் மாட்டுக்காரர்கள் காதுவில்லையின் 12 இலக்க எண்ணையாவது எழுதட்டும்.