கண்டுபிடிப்புத்தன்மையா, தென்படலா?

போன வாரம் பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் இருந்தேன். அவர் போனில் ஒரு ஆப் புதுப்பித்துக்கொண்டு தமிழில் ஒரு செய்தி காட்டியது: 'அம்சங்களின் கண்டுபிடிப்புத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது.' அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை வாசித்தார். "ஏல, இவன் என்னத்தக் கண்டுபிடிச்சிருக்கானாம்?"

ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பழைய ரசீதை எடுக்கும் பொத்தான் மூன்று புள்ளிக்குள்ளே கிடந்தது, அதை முதல் திரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சொன்னதும் அத்தைக்குக் கோபம். "அப்படிச் சொல்ல வேண்டியதுதான? எத்தன நாள் தேடுனேன், அம்புடவே இல்ல."

டிஸ்கவரபிலிட்டி என்ற சொல்லைத்தான் இந்தப் பாடு படுத்தியிருக்கிறார்கள். டிஸ்கவர் லத்தீன் வழியில் வந்தது, மூடியிருப்பதைத் திறப்பது என்பது அதன் பழைய பொருள். மென்பொருள்காரர்கள் அதோடு வால் சேர்த்து, ஒரு வசதி இருப்பது யாரும் சொல்லாமலே பயனருக்குத் தெரியவருகிறதா என்பதைக் குறிக்க வைத்துக்கொண்டார்கள். சரி, வேர் ஆராய்ச்சி போதும்.

கண்டுபிடிப்பு என்றால் நமக்கு எடிசன் ஞாபகம்தான் வரும். அது போகட்டும். என் சண்டை வேறு. 'நான் கண்டுபிடித்தேன்' என்றால் எழுவாய் நான், வேலை என்னுடையது, கண்டுபிடிக்காவிட்டால் மக்கு நான்தான். ஆனால் இந்தச் சொல் பிறந்ததே அதற்கு நேர்மாறான எண்ணத்தில்: பயனருக்குத் தெரியவில்லை என்றால் தப்பு திரையை வடிவமைத்தவர் மேல். அந்த எண்ணத்தைச் சொல்லத் தமிழில் ஒரு வினைக்கூட்டமே இருக்கிறது. தென்படு, புலப்படு, தட்டுப்படு, அகப்படு, கண்ணில் படு. 'எனக்குத் தென்பட்டது' என்னும்போது எழுவாய் அந்தப் பொருள், நான் சும்மா நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். தென்பட வேண்டிய பொறுப்பு பொத்தானுக்கு. அத்தையின் அம்புடுதலும் அகப்படுதல்தான், திருநெல்வேலி வாயில் தேய்ந்தது. (மேம்படுத்தப்பட்டுள்ளது, சேர்க்கப்பட்டுள்ளது என்று எல்லா வாக்கியத்திலும் ஒட்டவைக்கிறார்களே, அந்தப் படு வேறு. அதைப் பற்றிப் பேசினால் இன்று முடியாது.)

பெயர்ச்சொல்தான் வேண்டும் என்றால் எதை எடுப்பது? தட்டுப்பாடு என்றால் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். புலப்பாட்டை இலக்கியக்காரர்கள் வெளிப்பாடு என்ற பொருளில் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். அகப்படுதலில் திருடன் மாட்டிக்கொண்ட வாசம் அடிக்கிறது. கண்டறிதன்மை என்று சிலர் எழுதுகிறார்கள், கொஞ்சம் சுருக்கம், ஆனால் அதே நோய். என் ஓட்டு தென்படலுக்கு. தென்படல் குறைவு, தென்படலைக் கூட்டினோம், இவ்வளவு போதும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. மைக்ரோசாஃப்ட் 2012-இல் விண்டோஸ் 8 விட்டபோது கீழே இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டார்கள். வசதி போகவில்லை, மவுஸை அந்த மூலைக்குக் கொண்டுபோனால் வரும். ஆனால் கொண்டுபோக வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? 2013-இல் 8.1-இல் பொத்தான் திரும்ப வந்தது. அதற்கு முன்னால், வேர்டும் எக்செலும் அடங்கிய அவர்களுடைய ஆபீஸ் மென்பொருளில் ஏற்கெனவே இருக்கிற வசதிகளையே வேண்டும் என்று ஜனங்கள் அந்தக் கம்பெனியிடம் கேட்டுக்கொண்டிருந்த கதையும் உண்டு. 2007 பதிப்பில் மெனுக்களைத் தூக்கிவிட்டு, பொத்தான்களை மேலே விரித்துக் காட்டும் ரிப்பன் பட்டையைக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு இடத்திலும் 'கண்டுபிடிப்பு' எதுவும் நடக்கவில்லை. ஒளிந்து கிடந்தது கண்ணில் பட்டது.

இதைச் சொன்னால் நண்பர் ஒருவர் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை இழுக்கிறார். ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள், தட்டினால் சுரம் வரும், அதற்கு யார் போர்டு வைத்தார்கள் என்கிறார். நல்ல கேள்விதான். ஆனால் தூணைப் பார்த்தால் தூணாகத்தான் இருக்கிறது, சுரம் தென்படுவதில்லை. முதல் தடவை எனக்குத் தாத்தா காட்டிக்கொடுத்தார். கோயிலில் காட்டிக்கொடுக்க ஆள் உண்டு, ஒளிந்திருப்பதுதான் அங்கே அழகும். போனில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால்தான் திறக்கும் வசதிக்கு எந்தத் தாத்தா வருவார்?

அப்புறம் அந்தச் செய்தியில் ஃபீச்சருக்குப் போட்டிருந்த 'அம்சம்'. அத்தைக்கு அம்சம் என்றால் பொண்ணு அம்சமா இருக்கா என்பதுதான். கடையில், பேங்கில், பஸ்ஸில் எல்லாரும் வாய் நிறைய 'வசதி' என்கிறோம், அதை ஏன் தொட மாட்டேன் என்கிறார்களோ. இத்தனைக்கும் அம்சமும் வடமொழி, வசதியும் வடமொழி, ஆகவே தூய்மைச் சண்டைக்குக்கூட இடம் இல்லை.

முழுப் பழியையும் மொழிபெயர்ப்பவர் மேல் போடவும் மனசு வரவில்லை. பல இடங்களில் அவர்களுக்குத் திரையையே காட்டுவதில்லை, கட்டம் போட்ட தாளில் வரி வரியாக ஆங்கிலத்தைக் கொடுத்து எதிரே தமிழை நிரப்பச் சொல்கிறார்கள். எந்தப் பொத்தான் எங்கே போனது என்று தெரியாதவர் தன்மை, மை என்று வால் சேர்க்காமல் என்ன செய்வார். தெரிந்திருந்தால் 'பழைய ரசீதுகள் இனி முதல் திரையிலேயே இருக்கும்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார், என் தென்படலும் தேவைப்பட்டிருக்காது.