விழுங்கிய கேள்வியும் விழுங்கிய பதிலும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கம்பஸ் முடித்து, கொழும்பிலுள்ள மென்பொருள் கொம்பனி ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. லப்டொப்பை எடுப்பாள் என்று பார்த்தால், பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அக்கா, காலைக் கூட்டத்தில அவங்க கதைக்கிறதில எனக்கு விளங்காத சொல்லெல்லாம் இதில எழுதி வச்சிருக்கிறன். ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகுது. நான் இந்த வேலைக்குச் சரிவரமாட்டன் போல."

மொத்தம் நாற்பத்தொரு சொல். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'ஐடெம்பொட்டன்ட்' என்று ஒன்று. பணம் கட்டும் பொத்தானை ஒருவர் அவசரத்தில் இரண்டு தரம் அமுக்கினாலும் ஒரு தரம்தான் காசு கழிய வேண்டும், அவ்வளவுதான் என்றேன். "அதை நான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்லயே செய்தேனே, ஓடர் நம்பர் ஏற்கெனவே இருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் சேமிச்சேன்" என்றாள். 'ரேஸ் கண்டிஷன்' என்று இன்னொன்று. கடைசியாக மிஞ்சிய ஒரு பஸ் சீட்டை இரண்டு பேர் ஒரே நொடியில் பதிவு செய்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அது. அதுவும் அவளுக்குத் தெரியும், பெயர் மட்டும் தெரியாது. இப்படிப் பதினைந்து சொற்கள். பத்தொன்பது வேறு குழுக்களின் வேலையோடு சம்பந்தப்பட்டவை. உண்மையாகவே அவள் படிக்க வேண்டியிருந்தது ஏழு. அதில் மூன்றை அன்றைக்கே முடித்துவிட்டோம்.

எங்கள் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, கம்பஸில் ஆங்கிலத்துக்கு மாறி, பிறகு ஆங்கிலமும் சிங்களமும் கலந்து ஓடும் கூட்டத்தில் போய் உட்காருகிறார்கள். சரளமாகப் பேசுகிறவர் நன்றாகத் தெரிந்தவர் போலத் தோன்றுவார். தடுமாறுகிற நமக்கு ஒன்றுமே தெரியாது போலத் தோன்றும். மொழியில் உள்ள குறையை மூளையில் உள்ள குறையாக எடுத்துக்கொள்கிறோம்.

இந்த உணர்வு நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் போலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-இல் இதைப் பற்றி எழுதினார்கள். நல்ல பட்டமும் பதவியும் பெற்ற பெண்கள் பலர், தாங்கள் மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் ஒரு நாள் பிடிபட்டுவிடுவோம் என்றும் உள்ளூர நம்பியதை அவர்கள் கண்டார்கள். இதை அவர்கள் நோய் என்று சொல்லவில்லை. பிறகு ஆண்களிடமும் இதே உணர்வு இருப்பது தெரியவந்தது.

எங்கள் தொழில் இதற்கு எண்ணெய் ஊற்றுகிற தொழில். மென்பொருள் எழுத இன்று பரவலாகப் பயன்படும் கருவிகளையே பாருங்கள். கிட் வந்தது 2005-இல். டொக்கரும் ரியாக்டும் 2013-இல், குபர்நெட்டீஸ் 2014-இல் வெளிவந்தன. 2004-இல் பட்டம் பெற்ற ஒருவர் இவற்றில் ஒன்றையும் வகுப்பில் படித்திருக்க முடியாது. கூட்டத்தில் மளமளவென்று பேசுகிற அந்த மூத்தவர், வேலையில் இருந்துகொண்டே, தெரியாமல் முழித்து, யாரிடமோ கேட்டுத்தான் கற்றிருப்பார். அவர் முழித்த நாட்களை நாம் பார்க்கவில்லை.

சரி, என்னுடைய கதையையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவப் பதிவு மென்பொருளில் வேலை செய்தோம். பழைய பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றியபின் ஒரு சிக்கல். 2006-க்கு முந்தைய பல பதிவுகளில் நேரம் அரை மணி முந்திக் காட்டியது. காலை 9.00 மணிக்கு அனுமதித்த நோயாளி 8.30-க்கு வந்ததாக இருந்தது. 1996-இல் சில மாதங்களுக்கு வித்தியாசம் ஒரு மணி நேரம். என்னைவிட எவ்வளவோ தெரிந்தவர்கள் சேர்வரைச் சந்தேகித்தார்கள், தரவுத்தளத்தைச் சந்தேகித்தார்கள்.

எனக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணி பின்னே எடுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் உலகப் பொது நேரத்தைவிட (UTC) ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. அதனால் திருகோணமலையில் யாராவது வருகிறேன் என்று சொன்னால், "பழைய நேரமா, புது நேரமா?" என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்வியோடு வளர்ந்தவள் நான். எங்கள் மென்பொருளோ எல்லா ஆண்டுக்கும் பொது நேரத்தோடு ஐந்தரை என்ற ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் நான் வாய் திறக்கவில்லை. இவ்வளவு பெரிய ஆட்களுக்கு இது தெரியாமலா இருக்கும், நான் போய் என்னத்தைச் சொல்ல என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளும் ஒருவர் இரவிரவாகத் தேவையில்லாமல் நிரலை மாற்றி எழுதினார். மூன்றாம் நாள் சொன்னேன். ஐந்தரை என்ற எண்ணை எடுத்துவிட்டு, கொழும்பு நேரவலயத்தின் பெயரைப் போட்டதும் சரியாகிவிட்டது. அந்தப் பெயரோடு நேரமாற்ற வரலாறு முழுவதும் கணினியிலேயே இருக்கிறது. அவருடைய சிவந்த கண்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இந்தத் தாழ்வுணர்வு நம்மைக் கேள்வியை விழுங்க வைக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பதிலையும் விழுங்க வைக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அரை மணி நேரம் தனியே முயன்று பாருங்கள். அப்புறம் கேளுங்கள். "எனக்கு விளங்கவில்லை" என்று மொட்டையாகக் கேட்காமல், என்ன செய்யப் பார்த்தேன், என்ன வந்தது, எங்கே நிற்கிறேன் என்று மூன்று வரி எழுதுங்கள். எழுதும்போதே பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். உண்மையிலேயே படிக்க வேண்டியது இருந்தால் படிக்கத்தான் வேண்டும், அதை வெறும் மனப்பயம் என்று தள்ளிவிடக் கூடாது. கொப்பியில் மிஞ்சிய அந்த ஏழு சொல் உண்மையான ஏழுதான்.

மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் ஒரு தடவையாவது "எனக்கும் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். புதிய பிள்ளைக்கு நீங்கள் தரும் எந்தப் பயிற்சியையும்விட அது உதவும்.

நித்திரை கெட்டு, சாப்பாடு இறங்காமல், காலையில் லப்டொப்பைத் திறக்கவே கை நடுங்குகிற அளவுக்குப் போனால் அது வேறு விஷயம். தாமதிக்காமல் வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

தங்கச்சி போன வாரம் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். புதிதாக ஐந்து சொல். ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரிடம் கேட்டாள் என்று எழுதியிருந்தாள். ஐந்தாவதுக்கு எதிரே, "கேட்டேன், அவருக்கும் தெரியாதாம். நாளைக்கு ரெண்டு பேருமா இருந்து பார்க்கப் போறம்."